அக்ரா விளையாட்டரங்கத்தின் வெளியே இருக்கும் சிலை யாருடையது? அந்த அரங்கத்தின் வரலாறு என்ன?

கேள்வியில் குறிப்பிட்டுள்ள சிலை எந்த ஆட்டக்காரருடையதும் அன்று. ஒரு ரசிகர் இன்னொரு ரசிகரைத் தூக்கிச் செல்வதைக் காட்டும் வெண்கலச் சிலை அது.

கானாவின் தலைநகரில், கடலோரத்தில், சுதந்திரச் சதுக்கத்துக்கு அருகில் உள்ள இவ்வரங்கம் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் கால்பந்துக் கழகத்தின் சொந்தக் களமாகும். 1963, 1978 ஆகிய ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டிகளைக் கானா இந்நகரில்தான் வென்றது.

2001 மே 9 அன்று குமாசி நகரின் அசான்டே கொட்டோக்கோ கழகத்தை ஹார்ட்ஸ் 2-1 என்ற கணக்கில் வென்றது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் முடிவு மாறியதால் ஆத்திரமடைந்த கொட்டோக்கோ ரசிகர்கள் பிளாஸ்டிக் இருக்கைகளைப் பிடுங்கி எறிய, காவல்துறையினர் கூட்டத்தின் மீது கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீச, வெளியேற முண்டியடித்தவர்கள் பூட்டிய வாயிற்கதவுகளுக்கு முன் நசுங்கி மூச்சுத் திணறினர். 126 பேர் இறந்தனர். அவர்களின் நினைவாகவே வெளியே அந்தச் சிலை நிற்கிறது. இருக்கைகளை எறிந்தது குற்றமே. ஆயினும் இத்தனை உயிர்களைப் பறித்தவை புகையும் பூட்டும்தான் என்பது என் கருத்து.

பின்னர் 2008 ஆப்பிரிக்கக் கோப்பைக்காக அரங்கம் ஏறத்தாழ 40,000 இருக்கைகளுடன் புதுப்பிக்கப்பட்டது. இறுதிப் போட்டியில் எகிப்து 1-0 என்று கேமரூனை வென்றதும் இங்கேதான். (இடையில் கானாவின் முன்னாள் விளையாட்டுத் துறை இயக்குநர் ஒஹெனே ஜான் என்பவரின் பெயரை இதற்குச் சூட்டியதும் சர்ச்சையானது.) இன்றும் கழகப் போட்டிகள் இங்கு நடக்கின்றன, ஆண்டுதோறும் மே 9 அன்று இறந்தோருக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.