கடலோர ஊருக்கு லினன் தொப்பி ஒத்துவருமா? எதைப் பார்த்து வாங்குவது, எப்படித் துவைத்து வைத்துக்கொள்வது?

ராமேஸ்வரம் பக்கம் இருக்கும் மண்டபம் ஊருக்கு வேலை மாற்றலாகி வரப்போகிறேன், பகலில் கரையோரமாக நடக்கிற வேலை, கோடைக்கு லினன் தொப்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ராமநாதபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சட்டை, பேன்ட்டோடு தொப்பியும் தைக்கிறேன், பழைய தொப்பிகளைச் சரிசெய்தும் கொடுக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று கரையோர ஊர்களிலிருந்து வரும் தொப்பிகளைப் பிரித்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தப் பக்கம் தொப்பியை வெயிலைவிட உப்புதான் அதிகம் தின்கிறது. வாங்குவதில் தொடங்கி, காயப்போடுவது வரைக்கும் உப்பை மனதில் வைத்தே முடிவெடுங்கள்.

தனுஷ்கோடிக்குச் சுற்றுலா வேன் ஓட்டும் ஒரு தம்பி தன் தொப்பியைக் கொண்டுவந்து கட்டிங் மேசையில் வைத்தார். "அண்ணே, ஒரு கோடைகூட முழுசா ஓடல, முன்னாடி நைஞ்சுபோச்சு பாருங்க. துணி டூப்ளிகேட்டா?" என்றார். "துணி நல்ல துணிதான் தம்பி, இருங்க" என்று சொல்லி, நெற்றியில் படுகிற உள்பட்டியை பிளேடு வைத்துப் பிரித்தேன். பட்டிக்கும் துணிக்கும் நடுவில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தேய்த்தால் நறநறவென்றது. முன்விளிம்பு மேல்பாகத்தோடு சேரும் இடத்தில் இழைகள் அறுந்து தூளாக நின்றன. மற்ற இடமெல்லாம் புதுத்துணி மாதிரியே இருந்தது.

காரணம் இதுதான். வியர்வையிலும் உப்பு இருக்கிறது, கடல்காற்றிலும் உப்பு இருக்கிறது. கடலுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடி கசிகிற மாதிரி. தொப்பி இரவில் ஈரம் வாங்குகிறது, பகலில் காய்கிறது. ஒவ்வொரு முறை காயும்போதும் இழைக்கு நடுவே உப்பு கல்லாகிறது. லினன் நார் இழுத்தால் நன்றாகத் தாங்கும், ஆனால் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்ந்துகொண்டே இருந்தால் முறிந்துவிடும். உப்பும் மடிப்பும் ஒன்றாகச் சேரும் இடம் முன்விளிம்பின் அடிப்பகுதி. தொப்பியை இரண்டாக மடித்துப் பேன்ட் பின்பாக்கெட்டில் செருகுகிறவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் போகும்.

அப்படியிருந்தும் ஏன் லினன் என்றால், இந்த ஊர் வெயிலுக்கு அதைவிடச் சுகமான துணி எனக்குத் தெரியவில்லை. நாட்டுமருந்துக் கடையில் ஆளிவிதை வாங்குகிறோமே, அந்தச் செடியின் தண்டு நார்தான் லினன். நம் நாட்டு ஆலைகளுக்கே அந்த நார் பெரும்பாலும் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமிருந்துதான் வருகிறது. தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை இழுத்தாலும் தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது, இழுத்ததைச் சீக்கிரம் காற்றில் விட்டும்விடும். பருத்தியும் வியர்வையை இழுக்கும், ஆனால் காய நேரமாகும். பாலியெஸ்டர் இழுக்கவே இழுக்காது, உள்ளே தலை புழுங்கும். இன்னொரு நல்ல குணம், லினன் நனைந்தால் காய்ந்திருப்பதைவிட வலுக்கூடும். அதனால் அடிக்கடி தண்ணீரில் அலசப் பயப்படவே வேண்டாம். உப்புக்கு மருந்தும் அதுதான்.

கடையில் லினன் என்று எழுதியிருப்பதெல்லாம் முழு லினன் இல்லை. கைக்குள் ஒரு ஓரத்தைப் பிடித்து இறுக்கிக் கசக்குங்கள். நல்ல லினனில் கூர்மையாகச் சுருக்கம் விழுந்து அப்படியே நிற்கும். கசக்கியும் ஒன்றுமே ஆகவில்லை என்றால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. துணியை வெளிச்சத்தில் பார்த்தால் நூல் சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் ஓட வேண்டும். வாங்கிய பிறகும் சந்தேகம் தீராவிட்டால் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள், தையல் நூலை விட்டுவிட்டுத் துணி நூலை எடுக்க வேண்டும். காகிதம் எரிந்த வாசம் வந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தால் லினன் அல்லது பருத்தி. உருகி மணியாகச் சுருண்டால் பாலியெஸ்டர். பருத்தி பாதி கலந்த லினனை மட்டம் என்று ஒதுக்காதீர்கள். மடிப்பை அது கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும், விலையும் குறையும். தொப்பிக்கு நான் அதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

துணியாக எடுத்துத் தைக்கக் கொடுப்பதாக இருந்தால் கடையில் 'லீ' கணக்கைக் கேளுங்கள், லினன் நூலின் பருமனைச் சொல்லும் எண் அது. லீ எண் கூடக்கூட நூல் மெலியும். சட்டைக்கு எல்லோரும் எடுப்பது 60 லீ, அது தொப்பிக்கு ரொம்ப மெல்லிசு. வெயிலும் உள்ளே இறங்கும், வடிவமும் நிற்காது. பேன்ட், கோட்டுக்கு வருகிற 25 லீ, 40 லீ துணி சரியாக இருக்கும். துணிக்கடையில் பிட்டாக மிஞ்சிக் கிடப்பதைக் கேட்டு வாங்கினால் கால் மீட்டர், அரை மீட்டரிலேயே வேலை முடியும்.

ரெடிமேட் என்றால் தொப்பியைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து உள்பக்கமிருந்து பாருங்கள். சல்லடை மாதிரி புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அது நிழல் தருமே தவிர, புற ஊதாக்கதிரைத் தடுக்காது. உள்ளே மெல்லிய மல் துணியில் லைனிங் கொடுத்திருந்தால் நல்லது. வெளியில் லினனைப் போட்டு உள்ளே பாலியெஸ்டர் லைனிங் கொடுத்திருக்கும் தொப்பிகள் நிறைய வருகின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம், லினனுக்குக் கொடுத்த காசு வீண். நெற்றிப்பட்டியும் பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். தையல் நூல் மட்டும் பாலியெஸ்டராக இருக்கலாம். பருத்தி நூலைவிட அது உப்புக்கும் ஈரத்துக்கும் அதிக நாள் நிற்கும்.

விளிம்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. கரையோரம் நடக்கிறவர்களுக்கு அது முக்கியம். வெயில் மேலிருந்து மட்டுமா வருகிறது? காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாக்கதிரில் 15 சதவீதம் வரை திருப்பி அடிக்கிறது, அலை நுரை 25 சதவீதம் வரை அடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தனுஷ்கோடி அரிச்சல்முனை மணலில் நின்றவர்களுக்குக் கண் கூசுவது தெரியும். விளிம்பின் மேல்பக்கம் வெளிர் நிறத்திலும் அடிப்பக்கம் கரும்பச்சை, கருநீலம் போன்ற அடர்நிறத்திலும் இருந்தால் அந்தக் கூச்சம் நன்றாகவே குறையும். நான் தைக்கும் தொப்பிகளில் கேட்காமலே அப்படித்தான் வைப்பேன்.

முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பியா, சுற்றிலும் விளிம்பு உள்ளதா என்பது அடுத்த கேள்வி. காதும் பிடரியும் முதலில் கறுக்கும் இடங்கள், முன்விளிம்புத் தொப்பி அவற்றைக் காப்பாற்றாது. நிழலுக்கு மூன்று அங்குலம் சுற்று விளிம்புள்ளதுதான் சிறந்தது. ஆனால் நீங்கள் வருவது மண்டபத்துக்கு. வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்தால் ஆடி தாண்டியும் விடாது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலை நிறுத்திவைக்கும் ஏற்பாடே இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்று விளிம்பு அந்தக் காற்றில் பாய் மாதிரி விரியும். அதனால் சுற்று விளிம்பு வாங்கினால் தாடைக்குக் கீழே கட்டுகிற நாடா கண்டிப்பாக வேண்டும், இல்லாவிட்டால் தையல்காரரிடம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்விளிம்புத் தொப்பிதான் பிடிக்கும் என்றால் பிடரியில் ஒரு பருத்தித் துண்டைத் தொங்கவிட்டு அதன்மேல் தொப்பியைப் போடுங்கள். வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், கடலுக்குப் போகிறவர்கள் தலையில் துண்டு கட்டுவது காரணம் இல்லாமல் இல்லை. பைக்கில் போகும்போது தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு ஹெல்மெட் போடுங்கள், அதற்கு மாற்று கிடையாது.

முன்விளிம்புக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். வளைத்தால் மெதுவாகத் திரும்பி நிமிர்வது பிளாஸ்டிக் தகடு, துவைக்கலாம். மடிந்தால் மடிப்பு நின்றுவிடுவதும், நகத்தால் சுண்டினால் டப்டப்பென்று சத்தம் வருவதும் அட்டை. அட்டை ஒரே அலசலில் ஊறிக் கூழாகிவிடும். துவைக்க முடியாத தொப்பி இந்தக் கரைக்கு ஆகாது.

அப்புறம் இரும்பு. பின்பக்கப் பக்கிள், காற்றுப்போக வைக்கும் ஐலெட் வளையம், உச்சியில் துணி சுற்றிய பட்டன் எல்லாவற்றிலும் உலோகம் ஒளிந்திருக்கும். சின்னக் காந்தத் துண்டு ஒன்றை உச்சிப் பட்டனில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே இரும்புத்தகடு. ஒரு மழைக்காலம் போனால் அதைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும், அந்தக் கறை லினனிலிருந்து லேசில் போகாது. பித்தளை துருப்பிடிக்காது, ஆனால் பச்சைக் களிம்பு பிடித்துத் துணியில் இறங்கும். காற்றுத் துளைகள் நூலால் காஜா போட்டிருக்க வேண்டும், பின்பட்டிக்குத் துணி நாடாவோ பிளாஸ்டிக் வளையமோ போதும். வெல்க்ரோ வேண்டாம், மணல் புகுந்துகொண்டால் பிடிமானம் போய்விடும்.

அளவுக்கு இஞ்ச் டேப்பைப் புருவத்துக்கு மேலே, காதுக்குச் சற்று மேலே கொண்டுபோய்ப் பின்மண்டை புடைத்த இடத்தைச் சுற்றி எடுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 22 முதல் 23½ அங்குலத்துக்குள் வரும். அலசாத புது லினன் முதல் துவைப்பில் சுருங்கும், ஆகையால் அரை அங்குலம் தளர்வாக எடுங்கள். தைக்கக் கொடுப்பதென்றால் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

இனி பராமரிப்பு. வெளியில் போய்வந்த அன்று மாலையே தொப்பியைச் சோப்பில்லாமல் நல்ல தண்ணீரில் முக்கி எடுத்துவிடுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கரையில் பெரும்பாலான போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். அதில் எத்தனை முறை அலசினாலும் உப்பை எடுத்துவிட்டு உப்பையே போடுகிறோம். துவைக்க எந்தத் தண்ணீரானாலும் சரி, கடைசி அலசல் காவிரிக் குடிநீரிலோ மழைத் தண்ணீரிலோ இருக்கட்டும். ஒரு தொப்பிக்கு ஒரு சின்ன வாளி போதும்.

வாரம் ஒருமுறை நன்றாகத் துவைக்கலாம். நெற்றிப்பட்டியில் வியர்வையோடு தலையின் தேங்காய் எண்ணெயும் ஊறியிருக்கும். அதற்குக் கட்டிச் சோப்பு சரிப்படாது. உப்புத் தண்ணீரில் நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்து துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஷாம்பு இரண்டு சொட்டு பட்டியில் விட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் எண்ணெய் விட்டுவிடும். பிளீச்சிங் வேண்டவே வேண்டாம், நாரை அரித்துவிடும். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், பிழியும்போது முறுக்காதீர்கள். துண்டில் சுற்றி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும்.

காயப்போடும்போது ஈரத்திலேயே கையால் வடிவத்துக்குக் கொண்டுவந்து, தலை அளவுள்ள பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டிவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் போதும். நிழலில் காய வேண்டும். கடலைப் பார்த்த மாடியில் காயப்போட்டால் காற்றில் வரும் உப்பு ஈரத்துணியில் படிந்து, காய்ந்த பிறகும் பிசுபிசுவென்றே இருக்கும். வீட்டின் மறுபக்கமோ, அறைக்குள் ஃபேனுக்குக் கீழேயோ போடுங்கள். லினன் ஒரு இரவுக்குள் காய்ந்துவிடும். அயர்ன் பண்ண ஆசைப்பட்டால் அரை ஈரத்தில், உள்ளே துண்டைச் சுருட்டி வைத்துப் பண்ணுங்கள். மடிப்புக்கோடு மட்டும் விழக்கூடாது. என்னைக் கேட்டால் சுருக்கத்தோடு போடுவதுதான் லினனுக்கு அழகு.

கஞ்சி போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பங்குனி, சித்திரையில் மெல்லிசாக வடிகஞ்சி போட்டால் மேல்பாகம் நிமிர்ந்து நிற்கும், நன்றாகவும் இருக்கும். மழைக்காலத்துக்கு எடுத்துவைக்கும் முன் அந்தக் கஞ்சி முழுக்கப் போகும்படி துவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இராமபாணப் பூச்சி தேடிவரும், பூஞ்சணமும் கரும்புள்ளியாக விழும். பாலிதீன் பையில் கட்டி வைக்காமல் பழைய பருத்தித் துணியில் சுற்றி, மேல்பாகத்துக்குள் வெள்ளைத் துணியைத் திணித்து வையுங்கள். செய்தித்தாளைத் திணித்தால் மை ஒட்டும். வாடைக்காற்று மாதங்களில் இடையிடையே வெயில் அடிக்கும் நாளில் எடுத்துக் காற்றாட வைத்தால் போதும்.

நெற்றிப்பட்டி கறுத்து விறைத்துவிட்டால் தொப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். பட்டியை மட்டும் பிரித்து மாற்றுவது எந்தத் தையல்காரருக்கும் சின்ன வேலைதான். அப்போதே முன்விளிம்பின் ஓரத்தில் கிராஸ் பட்டி (துணியைக் குறுக்குவாட்டில் சாய்வாக வெட்டிய பட்டி) வைத்து ஒரு பைப்பிங்கும் அடிக்கச் சொல்லுங்கள், பட்டிக்கு அடுத்து நைவது அந்த ஓரம்தான்.