மீட்டர் பதில் சொல்லவில்லையா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: விசைப்படகுகளுக்குப் பேட்டரி, லைட் வேலை பார்க்கிறோம். பழைய அஜிலென்ட் 34401ஏ மேசை மல்டிமீட்டரை யுஎஸ்பி–சீரியல் கன்வெர்ட்டர் மூலம் லேப்டாப்பில் மாட்டி, ராத்திரி முழுக்கப் பேட்டரி வோல்டேஜைப் பதிவு செய்யப் பார்க்கிறோம். கட்டளை அனுப்பினால் பதிலே இல்லை. சில நேரம் ‘பீப்’ மட்டும் கேட்கிறது.
– வாசகர், மண்டபம்

பதில்: ‘பீப்’ கேட்டால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் அனுப்பியது மீட்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை அது ஏற்கவில்லை, அவ்வளவுதான். சத்தமே இல்லாவிட்டால்தான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் மீட்டரின் ஐ/ஓ மெனு, அதாவது இணைப்பு அமைப்புகள் உள்ள இடம். கம்பெனியிலிருந்து வரும்போது அது ஜிபிஐபி (ஆய்வகக் கருவிகளை இணைக்கும் வேறொரு வகை) இணைப்பில்தான் இருக்கும்; ஆர்எஸ்-232க்கு, அதாவது சீரியல் இணைப்புக்கு மாற்றுங்கள். வேகம் 9600, ஈவன் பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்), 7 டேட்டா பிட், 2 ஸ்டாப் பிட். லேப்டாப்பிலும் இதையே வையுங்கள். பலரும் பழக்கத்தில் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்துவிடுவதால்தான் குப்பை எழுத்துகள் வருகின்றன.

நேர் கேபிள் உதவாது, அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் குறுக்காக மாறிய நல்-மோடம் கேபிள் வேண்டும். பின் எண்கள்: 2க்கு 3, 3க்கு 2, 4க்கு 6, 6க்கு 4, 5க்கு 5. மூன்று கம்பி மட்டும் போட்டால், 6ஆம் பின்னில் சிக்னல் இல்லாமல் மீட்டர் பதிலை அனுப்பாமல் காத்திருக்கும். உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்திருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

இனி கட்டளை. உச்சரிப்பைத்தான் இங்கே தருகிறோம். ஆங்கில எழுத்தில், முழுச் சொல்லாக அடியுங்கள். முதல் வரி எப்போதும் ‘சிஸ்டம்:ரிமோட்’; மீட்டரை லேப்டாப்பின் கட்டுப்பாட்டுக்கு (ரிமோட் நிலைக்கு) மாற்றுவது இதுதான். இதை விட்டுவிட்டு அளவீடு கேட்டால் 550ஆம் பிழை வரும். உங்கள் ‘பீப்’புக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. அடுத்து ‘*ஐடிஎன்?’ அனுப்புங்கள், கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் திரும்பி வந்தால் இணைப்பு சரி. ஒவ்வொரு வரியும் லைன்ஃபீட் என்ற வரிமுடிவுக் குறியில் முடிய வேண்டும். சில டெர்மினல் மென்பொருளில் என்டர் தட்டினால் கேரேஜ் ரிட்டர்ன் என்ற வேறு குறி மட்டும் போகும். மீட்டர் வரி முடியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

அப்போதும் சரிவராவிட்டால் ‘சிஸ்டம்:எரர்?’ என்று கேளுங்கள். 20 பிழைகள் வரை வரிசையாக நினைவில் வைத்திருக்கும், பழையது முதலில் வரும். பூஜ்யம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். 511, 513 வந்தால் வேகம், பிட், பாரிட்டி அமைப்பை மறுபடி பாருங்கள்.

கேள்வி: அதே மீட்டர்தான். பேட்டரி 12.7 வோல்ட் இருக்கும்போது 9.9ஈ+37 என்று வருகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?
– வாசகர், ஏர்வாடி

பதில்: கெடவில்லை. அது ‘எல்லை மீறிவிட்டது’ என்பதற்கான எண். 10 வோல்ட் ரேஞ்ச் 12 வோல்ட் வரைதான் தாங்கும்; சார்ஜ் ஏறும் பேட்டரியோ 14ஐத் தாண்டும். ‘கான்ஃபிகர்:வோல்டேஜ்:டிசி 100’ என்று ஒருமுறை கொடுத்துவிட்டு, பிறகு ‘ரீட்?’ மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ‘மெஷர்’ கட்டளை ஒவ்வொரு முறையும் எல்லா அமைப்பையும் புதிதாக வைக்கும் என்பதால், ராத்திரிப் பதிவுக்கு அதை நாங்கள் சொல்லமாட்டோம்.

ஒரு பதிலை முழுதாக வாங்கியபின்பே அடுத்ததைக் கேளுங்கள். இல்லையேல் -410 பிழை வரும். வழக்கமான 10 சைக்கிள் அமைப்பில் (மின்சாரத்தின் 10 சுற்று நேரம் அளப்பது), நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், ஓர் அளவீட்டுக்கு 200 மில்லிசெகண்ட். ஆட்டோ ஜீரோவும் (மீட்டர் தன் பூஜ்யத்தைத் தானே அளந்து கழிப்பது) சேர்ந்தால் இரட்டிப்பு. ஆகவே செகண்டுக்கு ஒன்று என்பது தாராளம்.

கேள்வி: புரோகிராம் ஓடியபின் முன்பக்கப் பட்டன்கள் வேலை செய்வதில்லையே?
– மாணவர், கீழக்கரை

பதில்: ரிமோட் நிலையில் அப்படித்தான் இருக்கும். ஷிஃப்ட் பட்டனே லோக்கல் பட்டன், அதை அழுத்துங்கள். புரோகிராமில் ‘சிஸ்டம்:ஆர்டபிள்யூலாக்’ இருந்தால் அந்தப் பட்டனும் பூட்டிக்கொள்ளும். அப்போது லேப்டாப்பிலிருந்து ‘சிஸ்டம்:லோக்கல்’ அனுப்புங்கள். புரோகிராமின் கடைசி வரியாக அதையே எழுதிவிட்டால் அடுத்து ஆய்வகத்துக்கு வருபவர் திண்டாட வேண்டியிருக்காது.