திருகோணமலையில் அலைச்சறுக்கை வைத்து ஒரு காதல் குறும்படம் எடுக்கலாமா? நடிகர்கள் இருவருக்கும் சறுக்கத் தெரியாது, எப்படிச் சமாளிப்பது?

எடுக்கலாம். ஆனால் காதலைத் திருகோணமலையிலும் அலையைப் பொத்துவிலுக்குப் பக்கத்தில் உள்ள அறுகம்பையிலும் எடுக்க வேண்டிவரும். அதிலும் அலையை முதலில் எடுங்கள், காதலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேள்வியின் விளக்கத்தில் இருபது நிமிடப் படம், ஒரு நல்ல கமரா, ஒரு கோப்ரோ, மே முதல் செப்ரெம்பருக்குள் படப்பிடிப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்தே எழுதுகிறேன்.

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகள் வடகிழக்கைப் பார்த்தவை. நீங்கள் சொல்லும் மாதங்களில் சறுக்கத் தகுந்த அலையைக் கொண்டுவருவது இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் எழும் நீண்ட அலைவீச்சு. ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையில் 12 முதல் 16 செக்கன் இருக்கும். அது தீவின் தென்கிழக்கு மூலையில், அறுகம்பை முனையைச் சுற்றி வளைந்து அழகாக உடைகிறது. அதற்கு வடக்கே கரை வடமேற்காக ஒதுங்கிப் போவதால் இங்கே வந்து சேர்வது மிச்சம் மீதிதான். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் உப்புவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மார்கழி, தையில் வாடைக் காற்றோடு இங்கேயும் கடல் எழும்பும். ஆனால் 5 முதல் 8 செக்கனுக்கு ஒன்றாக வரும் காற்றலை அது. நீளத்துக்கு ஒரேயடியாக மடிந்து விழும், நீர் கலங்கல், மேலே மழை. பலகையில் குப்புறப் படுத்து நுரையில் வந்து பழக அது போதும். படத்துக்குப் போதாது.

அலையை ஏன் முதலில் எடுக்க வேண்டும்? அது உங்கள் சொல் கேட்காது என்பதால். எந்தப் பக்கமாக ஓடியது, எந்த ஒளியில் ஓடியது, டூப் (நடிகருக்குப் பதிலாகச் சறுக்குபவர்) என்ன நிறம் போட்டிருந்தார், பலகையில் எந்த இடத்தில் கீறல் என்பதெல்லாம் அங்கே முடிவாகிவிடும். உப்புவெளியில் எடுக்கும் நெருக்கக் காட்சிகளை அதற்குப் பொருத்துவது சுலபம். மாற்றிச் செய்தால், கதாநாயகி நீலச் சட்டையோடு இடமிருந்து வலமாகப் போகும் காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற அலையை 240 கிலோமீற்றர் தள்ளிப் போய்த் தேட வேண்டியிருக்கும். கிடைக்காது.

அறுகம்பையின் பிரதான முனையில் அலை வலப்பக்கமாக ஓடும். கரையில் நின்று பார்ப்பவருக்குச் சறுக்குபவர் வலமிருந்து இடமாக, அதாவது தெற்கிலிருந்து வடக்காகப் போவார். ஆகவே உப்புவெளியில் எடுக்கும் துண்டுகளிலும் நடிகர் சட்டகத்தின் இடப்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். இன்னொன்று: இடது காலை முன்னே வைத்து நிற்கிற டூப்பாகத் தேடுங்கள். இந்த அலையில் அப்படி நிற்பவரின் நெஞ்சு கடல் பக்கம், அலைச்சுவரைப் பார்த்தபடி இருக்கும். முதுகுதான் கரைக் கமராவுக்குத் தெரியும். வலது காலை முன்னே வைப்பவர் என்றால் முகம் நேரே கரையைப் பார்க்கும், குட்டு உடைந்துவிடும். கால் கயிறு (பலகையைக் காலோடு பிணைப்பது) எப்போதும் பின்காலில் கட்டப்படுவது. டூப்புக்கு வலது கணுக்காலில் இருந்தால் நடிகருக்கும் வலதில்தான்.

டூப் போடுவதை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். 1959இல் வந்த 'கிட்ஜெட்' படத்தில் சாண்ட்ரா டீக்குப் பதிலாகச் சறுக்கியவர் மிக்கி முனோஸ் என்ற ஆண், பொன்னிற விக்கும் நீச்சலுடையும் போட்டுக்கொண்டு. 2002இல் வந்த 'புளூ கிரஷ்' படத்தில் கேற் பொஸ்வேர்த்துக்காக ஹவாயின் பைப்லைன் அலையில் இறங்கியவர்களில் நோவா ஜோன்சன் என்ற ஆணும் உண்டு; பிறகு கணினியில் நடிகையின் முகத்தை ஒட்டினார்கள். உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. முழுக்கை ராஷ் வெஸ்ட் (நீரில் போடும் இறுக்கமான சட்டை), கணுக்கால்வரை லெகின்ஸ், இறுக்கிப் பின்னிய தலைமுடி இருந்தால் போதும். நம் ஊர்ப் பெண் கடலில் இறங்கும்போது இயல்பாகவே போடக்கூடிய உடை அது, உடல்வாகு வித்தியாசத்தையும் மறைத்துவிடும். அறுகம்பையில் உள்ளூர்ப் பெண்களே சறுக்குகிறார்கள், ஆகவே ஆணுக்கு விக் மாட்டும் அவசியமும் இல்லை. நிறத்தில் கவனம் வேண்டும். வெள்ளையும் இளநீலமும் நுரைக்குள் காணாமல் போகும். சிவப்பு, கடும் மஞ்சள், செம்மஞ்சள் தூரத்திலும் நிற்கும். ஒவ்வொரு உடையிலும் மூன்று வாங்குங்கள்: நடிகைக்கு ஒன்று, டூப்புக்கு ஒன்று, காய்ந்தபடி ஒன்று. ஈரமான சட்டையும் காய்ந்த சட்டையும் கமராவில் இரண்டு நிறம்.

ஒளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கிழக்குக் கரையில் படமெடுக்கும் பலரும் தவறுவது இங்கேதான். சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. மே, ஜூனில் காலை 5.50 அளவில். அப்போது கரையிலிருந்து எடுத்தால் எல்லாம் கறுப்பு நிழலுருவம். அழகாகவும் இருக்கும், டூப்பின் முகமும் தெரியாது. காற்று எழும்பாத அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் நீரும் கண்ணாடியாக இருக்கும். ஆகவே தூரக் காட்சி எல்லாவற்றையும் அப்போதே முடியுங்கள். முகத்தில் வெயில் விழ வேண்டுமென்றால் காலையில் கமரா தண்ணீருக்குள் இருந்து கரையைப் பார்க்க வேண்டும். ஆனால் அப்போது பின்னணியில் அறுகம்பை தெரியும். உப்புவெளி என்று சொல்லி ஏமாற்ற முடியாது, திருகோணமலை ஆள் ஒருவர் பார்த்தால் போதும். அந்தக் கோணத்தை உப்புவெளிக்கே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தெற்குப் பக்கமாகத் திரும்பினால் சுவாமி மலையும் கோணேசர் கோவிலும் பின்னால் வந்து நிற்கும். எங்கே எடுத்தது என்று எழுத்துப் போட்டுச் சொல்லத் தேவையே இல்லை.

கடலில் சூரியன் மறைகிற காட்சியைத் திரைக்கதையில் எழுதியிருந்தால் இப்போதே வெட்டிவிடுங்கள். உப்புவெளியில் அது நடக்காது. நீர்மேல் அந்தி வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் போகலாம், கடற்படைத் தளத்தின் பக்கம் கமராவைத் திருப்பாமல். இதைவிட நல்லது நிலவு. போயா நாளில் சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி முழுநிலா கடலிலிருந்து எழும்பும். போயாவுக்கு முந்தின நாள் இன்னும் வாய்ப்பு: நிலா ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முந்தி வருவதால் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். முகம், கடல், நிலா மூன்றும் ஒரே ஒளி அளவில் பதியும். போயாவன்று இருட்டிய பிறகு எடுத்தால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டு.

சறுக்கத் தெரியாத நடிகர்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பது? எழுந்து நிற்பதை அல்ல. பலகையில் படுத்துத் துடுப்புப்போல் கைபோட்டு ஐம்பது மீற்றர் போவது, பலகையில் குந்தியிருப்பது, இருந்தபடியே திரும்புவது. இந்த மூன்றும் போதும். இவற்றில் கடினம் சும்மா குந்தியிருப்பதுதான். புதியவர் ஒவ்வொரு செக்கனும் தள்ளாடுவார், வசனம் பேசும்போது முகமெல்லாம் பயம். 8 அல்லது 9 அடி ஃபோம் பலகை கொடுங்கள், டூப்பின் பலகை நிறத்திலேயே. படுத்திருக்கும்போது கால்கள் விரிந்திருந்தாலும், பலகையின் மூக்கு தண்ணீருக்குள் போனாலும், தெரிந்தவர்கள் உடனே சிரிப்பார்கள். தாடை பலகைக்கு ஒரு சாண் மேலே, கால்கள் சேர்ந்து, மூக்கு நீருக்கு இரண்டு விரல் மேலே.

இந்தப் பயிற்சிக்கும் உரையாடல் காட்சிகளுக்கும் அலையில்லாத உப்புவெளிதான் வரம். சர்ஃபிங் படத்தில் காதல் நடப்பது அலையின் மேல் அல்ல, அலைக்குக் காத்திருக்கிற நேரத்தில். 1991இல் தக்கேஷி கித்தானோ எடுத்த 'எ சீன் அட் த சீ' முழுக்க அப்படித்தான் நிற்கிறது. இருவரும் காது கேளாத, பேசாத காதலர்கள். அவன் கடலில் விழுந்து எழும்ப, அவள் மணலில் இருந்து அவன் உடுப்பை மடித்து வைத்துக்கொண்டு பார்க்கிறாள். சாகசம் என்று சொல்ல அதில் அதிகமில்லை. உங்கள் இருபது நிமிடத்துக்கும் உண்மையான சறுக்கல் ஒன்றரை நிமிடம் தாராளம்.

ஒரு சறுக்கலை ஆறு துண்டாக வெட்டுங்கள். நடிகை கைபோட்டு வருகிறார், நெருக்கத்தில். தோளுக்கு மேலாகத் திரும்பி அலையைப் பார்க்கிறார். கைகள் பலகையை அழுத்துகின்றன. எழும்புவது தூரத்தில், டூப். ஓடுவதும் டூப். நுரைக்குள் மறைந்து மீண்டும் தலை தூக்குவது நடிகை. ஒட்டு போடும் இடம் எப்போதும் தண்ணீர் தெறிக்கிற சட்டகமாக இருக்கட்டும், கண் அங்கே வித்தியாசம் தேடாது. நின்றபடி முகம் தெரிகிற ஒரு துண்டு கட்டாயம் வேண்டுமென்றால், இடுப்பளவு நீரில் லொறி ரியூப்பின் மேல் பலகையைக் கட்டுங்கள். இருவர் நீருக்குள் குனிந்து அதை அசைக்க, இன்னொருவர் வாளியால் பக்கவாட்டில் தண்ணீர் வீச, கமரா தாழ்ந்து மேல்நோக்கிப் பார்க்கட்டும். முழங்காலுக்கு மேலே, பின்னால் வானம் மட்டும். தொடுவானம் தெரிந்தால் கெட்டது, அது அசையாமல் நிற்கும்.

இதில் ஆபத்து எங்கே என்றால், அமைதியான கடல்தானே என்ற நினைப்பில். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுவது. ஃபோம் பலகையில் குந்தியிருப்பவரைப் பாய்மரம் போலத் தள்ளிக்கொண்டு போகும், அவருக்கே தெரியாது; திரும்பிக் கைபோட்டால் எதிர்காற்று. ஆகவே பைபர் போட்டை நடிகர்களுக்குக் கடல் பக்கமாக நங்கூரம் போட்டு நிறுத்துங்கள், கரைப் பக்கம் அல்ல. கமராவும் அதிலேயே இருக்கலாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஓட்டியைத் தவிர இரண்டு பேர், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். காலையில் பெரும்பாலும் காற்றுக் குறைவு. மணல் பறக்கத் தொடங்கினால் அன்றைய நீர்வேலை முடிந்தது.

கரைவலை இழுக்கிற பாடுகளில் (வலை வளைக்கும் கரையிடங்களில்) கேட்காமல் கமரா வைக்க வேண்டாம். வலைக்கயிறு கடலில் வெகுதூரம் போகும், பலகை அதில் சிக்கினால் அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு போகும். முதல்நாள் மாலையே போய் எந்த நேரம் வலை வளைப்பார்கள் என்று கேட்டால் சொல்வார்கள். 'அண்ணே, எங்க நிண்டா உங்களுக்கு இடைஞ்சல் இல்ல?' என்று கேட்டுத் தொடங்கினால் அரைவாசி வேலை முடிந்தது.

அறுகம்பையில் ஜூலை, ஓகஸ்ட் கூட்ட நேரம். பின்னணியில் நாற்பது தலை மிதக்கும். மே மாதமோ செப்ரெம்பர் கடைசியோ நல்லது. பிரதான முனையில் அடித்தளம் பாறை, நீருக்குள் நிற்கும் கமராக்காரருக்கு ஹெல்மெட்டும் துடுப்புக்காலும் கட்டாயம். அனுபவமில்லாதவர் என்றால் அறுகம்பைக்கு வடக்கே உள்ள விஸ்கி பொயின்ற் என்ற முனை பெரும்பாலும் மணல் தரை, அலையும் மென்மை. அலைகள் மூன்று முதல் ஆறு வரை கூட்டமாக வந்து, பிறகு நெடுநேரம் ஒன்றும் இருக்காது. அந்த வெற்று நேரத்தில் பதிவை ஓடவிட்டுப் பற்றரியையும் கார்ட்டையும் தீர்த்துவிடாதீர்கள். கடலில் கறுப்புக் கோடு எழும்போது ஒருவர் கை காட்ட, அப்போது தொடங்கினால் போதும்.

கரையிலிருந்து 400 மில்லிமீற்றருக்குக் குறையாத லென்ஸ், கனமான முக்காலி. காலை ஒன்பதரைக்குப் பிறகு மணல் சூட்டில் தூரப் படம் நெளியும், அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. படத்தின் வேகம் செக்கனுக்கு 25 சட்டகம் என்றால், 100இல் எடுத்தது நான்கு மடங்கு மெதுவாகும். 8 செக்கன் சறுக்கல் 32 செக்கனாகி ஆளைத் தூங்கவைக்கும். எழும்புகிற ஒரு செக்கனுக்கும் தெறிக்கிற ஒரு செக்கனுக்கும் மட்டும் அதை வையுங்கள். ஷட்டர் 1/1000 என்றால் துளிகள் முத்து முத்தாக நிற்கும், 1/200 என்றால் நீர் வழுக்கும். ஒரே சறுக்கலுக்குள் இரண்டையும் கலந்தால் ஒட்டாது. ஒளி அளவை நுரைக்கு வையுங்கள். நுரை வெளுத்துப்போனால் மீட்க முடியாது, நம் முகங்களின் இருட்டைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம்.

கமராவை நீர்புகாப் பெட்டியில் போடுவதென்றால், முதலில் கமரா இல்லாமல், உள்ளே ரிஷூத் தாள் வைத்து மூடி, வாளியில் பத்து நிமிடம் அமுக்கிப் பாருங்கள். பெட்டி ஒழுகப் பெரும்பாலும் காரணம் ஓ ரிங்கில் (மூடியின் ரப்பர் வளையத்தில்) ஒட்டிய ஒரு மணலோ ஒரு முடியோதான். கண்ணாடி உள்ளே பனிப்பது ஈரக்காற்றை அடைத்ததால். ஏசி அறையில் வைத்து மூடி, சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் போட்டால் பனிக்காது. வெளிக் கண்ணாடியில் துளி நிற்கிறதா? எச்சில் பூசி நீரில் ஒருமுறை தோயுங்கள், துளி உருண்டு நிற்காமல் படலமாகப் பரவும். கரையேறியதும் பெட்டியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, தலைமுடி ஈரம் காய்ந்தவர் திறக்கட்டும்.

ஒலியில் நம்பிக்கை வேண்டாம். பலகை மேல் பேசியதை அங்கேயே முடிந்தவுடன் போட்டில் இருத்தி, கமரா இல்லாமல் மறுபடி இருமுறை பேசவைத்துப் பதியுங்கள். மூச்சிரைப்பு அப்படியே இருக்கும், டப்பிங் அறையில் அது வராது. ஒவ்வொரு இடத்திலும் கடல் ஓசை மட்டும் மூன்று நிமிடம் பதியுங்கள். அறுகம்பை இரைச்சலின் மேல் உப்புவெளி வசனத்தை ஒட்டும்போது அது இல்லாவிட்டால் வெட்டு வெட்டாகக் கேட்கும்.

ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவும் அனுமதியும் வேண்டும். இங்கே சீனன்குடாவில் விமானப்படைத் தளம், துறைமுகத்தில் கடற்படை என்பதால் பாதுகாப்பு அமைச்சின் பக்கமும் கேட்க வேண்டிவரும். அதை நம்பிக் காட்சி எழுதாதீர்கள். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, முன்கூட்டிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் அங்குள்ள மான்கள் யாரிடமும் கேட்காமல் சட்டகத்துக்குள் வரும், விரட்ட வேண்டாம். புறாத்தீவு தேசிய பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருவது. பவளப்பாறை மேல் பலகையோ காலோ ஊன்றாமல் எடுக்க முடியாதென்றால் அந்தக் காட்சியை நிலாவெளிக் கரையிலேயே, தீவைத் தூரத்தில் வைத்து எடுங்கள்.