பழைய நட்சத்திரத்துல இரும்பு ஏன் கம்மி?

அண்ணே வணக்கம். காரைக்குடியில நீங்க பேசுனத கேட்டேன். நட்சத்திரம்தான் இரும்பு, தங்கமெல்லாம் செய்யுதுன்னீங்க. அப்ப ரொம்ப வயசான நட்சத்திரத்துலதானே அதெல்லாம் நெறைய இருக்கணும்? நெட்டுல பாத்தா அதுலதான் கம்மின்னு போட்டிருக்கு. எங்க ஆயாவோட கழுத்துருவுல இருக்க தங்கமும் அப்படி வந்ததுதானா?
(வாசகர், தேவகோட்டை)

தம்பி,

நல்லா மடக்கிட்டீங்க. நட்சத்திரம் உண்டாக்குறது ஆழத்துல கெடக்கும், நமக்குத் தெரியிறது மேல்பரப்புதான், அது பெரும்பாலும் பொறந்த மேகத்துல என்ன இருந்துச்சோ அதேதான். நம்ம பக்கம் பர்மாவுக்குப் போயி சம்பாதிச்சவுக அனுபவிச்சது கொஞ்சம், பெரிய வீட்டுல வளந்தது பேரன் பேத்திகதான், அந்தக் கணக்குதான் இங்கயும்: பழைய நட்சத்திரம் செஞ்சது அடுத்து பொறக்குற நட்சத்திரத்துக்குத்தான் போகும்.

சில நேரம் உள்ள இருக்கிறது மேலயும் வந்துரும். 1952ல பால் மெரில்ங்கிற வானியலாளர் செவப்பு ராட்சச நட்சத்திரங்களோட (வயசாகி ஊதிப் பெருத்த நட்சத்திரங்க) ஒளியில டெக்னீசியம்ங்கிற கதிரியக்கத் தனிமத்தப் பாத்தாரு. அதுல நீண்ட ஆயுசு உள்ள வகையே சுமார் 42 லட்சம் வருஷத்துல பாதி அழிஞ்சிரும், நட்சத்திரத்துக்கு வயசோ கோடிக்கணக்குல, அப்ப அங்கயே புதுசா செஞ்சதாத்தான இருக்கணும்!

பிரபஞ்சத்தோட ஆரம்பத்துல முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். அதான் முன்னாடியே பொறந்த நட்சத்திரத்துல இரும்பு கம்மி. பெரிய நட்சத்திரங்க சில கோடி வருஷத்துக்குள்ள வெடிச்சு ஆக்சிஜன், மெக்னீசியத்த கொட்டிரும். இரும்பும் கொஞ்சம் வரும், ஆனா வெள்ளைக் குள்ளன் (சூரியன் மாதிரி நட்சத்திரம் எரிஞ்சு முடிஞ்சு மிஞ்சுறது) வெடிச்சு வர்ற இரும்புதான் நெறைய, அதுக்கு நூறு கோடி வருஷம்கூட ஆகும். தரையில பதிக்கிற ஆத்தங்குடி கல்லுல அந்தச் செவப்பு இரும்பு ஆக்சைடுதான், அதுல ஆக்சிஜன் சீக்கிரம் வந்த சரக்கு, இரும்பு பெரும்பாலும் லேட்டா வந்த சரக்கு. பழைய நட்சத்திரத்துல இரும்போட ஒப்பிட்டா ஆக்சிஜன் தூக்கலா இருக்கிறது இதனாலதான்.

கழுத்துருவுக்கு வர்றேன். 2017 ஆகஸ்ட் 17ல ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் (பெரிய நட்சத்திரம் வெடிச்சு மிஞ்சுன அடர்த்தியான உருண்டை) மோதுனத லிகோ, விர்கோங்கிற ஈர்ப்பலைக் கருவிக புடிச்சுச்சு, அந்த மோதலோட வெளிச்சத்துல ஸ்ட்ரான்ஷியம்ங்கிற கனமான தனிமத்தோட தடயம் கெடச்சுச்சு. தங்கமும் இந்த மாதிரி மோதல்லதான் வருதுங்கிறது வலுவான கணிப்பு, வேற அபூர்வ வெடிப்புக்கும் பங்கு இருக்கலாம்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். பிரபஞ்சம் உண்டாகி சுமார் 920 கோடி வருஷம் கழிச்சுப் பொறந்தும் நம்ம சூரியன்ல ஹீலியத்த விட கனமானது சுமார் 1.5 சதவீதம்தான். ஏன்னா, நட்சத்திரம் வெடிக்கிற காத்து சரக்க கேலக்ஸிக்கு (நட்சத்திரக் கூட்டத்துக்கு) வெளிய தள்ளிரும், வெளிய இருந்து புது ஹைட்ரஜன் உள்ள விழுந்துக்கிட்டே இருக்கும். சின்ன கேலக்ஸிக்கு ஈர்ப்பு பத்தாது, நெறைய தவற விட்டுரும், அதான் பெருசுல கனமான தனிமம் அதிகம். பால்வீதியிலயே நடுவுல கூட, ஓரத்துல கம்மி.

ஆயாவுக்கு வணக்கம் சொல்லுங்க.