பெயர் வாங்காமல் போன பழைய வீடியோ விளையாட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு பழைய விளையாட்டுக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? குறைவாக விற்றதை வைத்தா?

பதில்: விற்பனையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பட்டியல் முடிவில்லாமல் நீளும். விற்காமல் போனவற்றில் பெரும்பாலானவை விற்காமல் போனதற்குத் தக்க காரணமும் உண்டு. நான் பார்ப்பது வேறு. ஒரு விளையாட்டு செய்து காட்டிய ஏதோ ஒன்றைப் பின்னால் வந்தவர்கள் அதைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை, ஆனாலும் அதன் பெயர் பேச்சில் அடிபடுவதில்லை என்றால், அதற்கு நாம் பாக்கி வைத்திருக்கிறோம் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த அளவுகோலின்படி, தன் காலத்தில் நன்றாக விற்ற விளையாட்டும் பட்டியலுக்குள் வரலாம்.

கேள்வி: ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: 'மியூல்'. 1983-இல் அட்டாரி 8-பிட் கணினிகளுக்காக ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் குழு உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட விளையாட்டு இது. வடிவமைத்தவர் டேனியெல் பன்டன் பெர்ரி. விற்றது சுமார் 30,000 பிரதிகள்தான். நான்கு பேர் ஒரு புதிய கோளில் குடியேறுகிறார்கள். மாதத்துக்கு ஒரு மனை கிடைக்கும். கடையில் ஒரு இயந்திரக் கோவேறு கழுதையை வாங்கி, அதை உணவுக்கோ எரிசக்திக்கோ கனிமத்துக்கோ பழக்கி, ஓட்டிச் சென்று உங்கள் மனையில் கட்ட வேண்டும். முழு ஆட்டம் என்பது இப்படிப் 12 மாதங்கள்.

இதுவரை கேட்டால் சாதாரணமாகத்தான் தெரியும். ஏலம் தொடங்கும்போதுதான் இதன் அருமை புரியும். விற்பவர்கள் திரையின் மேல்புறத்திலும் வாங்குபவர்கள் கீழ்ப்புறத்திலும் நிற்பார்கள். ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் வாங்குபவர் ஓரடி ஏறுவார், அவர் கொடுக்க முன்வரும் விலையும் ஏறும். விற்பவர் இறங்கினால் கேட்கும் விலை இறங்கும். இருவரும் சந்திக்கும் கோட்டில் சரக்கு ஒவ்வொன்றாகக் கை மாறும். உங்களிடம் உணவு தீர்ந்துவிட்டது, கடையிலும் இருப்பு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பரிடம் மட்டும் உபரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறி ஏறி அவர் காலடிக்கே போய்விடுவீர்கள். கடைசி நொடியில் அவர் ஒரு அடி பின்வாங்குவார். உணவு இல்லாவிட்டால் அடுத்த மாதம் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிடும் என்பது அவருக்கும் தெரியும். தேவையும் வரத்தும் விலையை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டிய வேறு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. எதிர்பாராத நிகழ்வுகள் வரும்போது, கடைசியில் இருப்பவருக்குக் கெடுதல் நேராது, முதலில் இருப்பவருக்கு அதிர்ஷ்டம் அடிக்காது. பின்தங்கியவர் மனம் விட்டுப்போய் எழுந்து செல்லாதபடி பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு இன்று பல விளையாட்டுகளில் இருக்கிறது. 1983-இல் இதை யோசித்தவர்கள் மிகச் சிலர்.

கேள்வி: ஐயா, 'மியூல்' தனியாக ஆடச் சுவையாக இருக்குமா?

பதில்: பழகிக்கொள்வதற்கு ஆடலாம். மற்றவர்களின் இடத்தைக் கணினி நிரப்பும். ஆனால் பின்வாங்கியவரின் முகத்தைப் பார்க்க முடியாத ஏலம் பாதி ஏலம்தான்.

கேள்வி: கதாபாத்திரத்தின் கண் வழியாகப் பார்த்து ஆடும் முப்பரிமாண விளையாட்டுகள் என்றாலே எல்லாரும் 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி'யிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன் ஒன்றும் இல்லையா?

பதில்: இருந்தது, அதுவும் இரண்டே மாதங்களுக்கு முன். 'அல்டிமா அண்டர்வேர்ல்ட்' 1992 மார்ச்சில் வந்தது. 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி' மே மாதம் வந்தது. பின்னதில் தரை முழுவதும் சமதளம், சுவர்கள் எல்லாம் நேர்கோணத்தில் சந்திப்பவை, தலையை உயர்த்தவோ தாழ்த்தவோ வழியில்லை. முன்னதில் சரிவுகள் உண்டு, பாலங்கள் உண்டு. குதிக்கலாம், நீந்தலாம், அண்ணாந்து பார்க்கலாம். கையிலுள்ள தீப்பந்தம் எரிந்து தீரும். பல்லி மனிதர்களிடம் பேச வேண்டுமென்றால் அவர்கள் மொழியில் சில சொற்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். நடக்க நடக்கத் தானே விரியும் வரைபடத்தின் மேல், 'இங்கே பூட்டிய கதவு, சாவி வேண்டும்' என்று நீங்களே குறிப்பு எழுதி வைக்கலாம். இந்தச் சின்ன வசதி ஒன்றுக்காகவே நான் அதை மறப்பதில்லை.

விற்பனையிலும் அது தோற்றுவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வேகம்தான் அதற்கு எதிராக அமைந்தது. 'வுல்ஃபன்ஸ்டைன்' சாதாரணக் கணினிகளிலும் பறந்தது. 'அண்டர்வேர்ல்ட்' திரையின் ஒரு பகுதியில் மட்டும் காட்சியைக் காட்டி, அதையும் மெதுவாகவே நகர்த்தியது. வரலாறு எழுதுபவர்களுக்கு ஓடியவர்தான் கண்ணில் படுகிறார். இன்று தொடங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மவுஸால் நடக்கும் அந்த முறை முதல் ஒரு மணி நேரம் எரிச்சலூட்டும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்குச் சண்டை பிடிக்காது; நல்ல கதை வேண்டும். பழையவற்றில் எதைப் பார்க்கலாம்?

பதில்: 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்'. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் 1997-இல் கொண்டுவந்தது. 1914 ஜூலை மாதம், முதல் உலகப் போர் மூள்வதற்குச் சில நாட்களே இருக்கையில், பாரிஸிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்குப் புறப்படும் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் ராபர்ட் காத் என்பவராக ஏறுகிறீர்கள். உங்களை வரச் சொன்ன நண்பர் தம் பெட்டியில் இறந்து கிடக்கிறார். (ஓரிரு கைகலப்புகள் இதிலும் உண்டு, அவை விரைவில் முடிந்துவிடும்.)

இதன் சிறப்பு காலம். விளையாட்டுக்குள் கடிகாரம் நிஜ நேரத்தைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பயணிகள் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். நீங்கள் உணவுப் பெட்டியில் ஒரு உரையாடலை ஒட்டுக்கேட்கும்போது, வேறொரு பெட்டியில் நடக்கும் இன்னொரு உரையாடல் கைநழுவிப் போகிறது. காத்துக்குத் தெரிந்த மொழிகளுக்கு மட்டுமே திரையில் வரிகள் தோன்றும். தெரியாத மொழியில் பேசினால் அவரைப்போல் நீங்களும் விழிக்க வேண்டியதுதான். ஓரிடத்தில் ஒரு பிரமுகரின் தனிப் பெட்டியில் வயலின் கச்சேரி நடக்கும். இருக்கையில் அமர்ந்து கடைசிவரை கேட்கலாம். அல்லது எல்லாரும் இசையில் ஆழ்ந்திருக்கிறார்களே என்று எழுந்துபோய், ஆளில்லாத அறைகளைச் சோதிக்கலாம். நான் முதல் முறை நல்ல பிள்ளையாக உட்கார்ந்து கேட்டுவிட்டேன். இசை நன்றாக இருந்தது, வாய்ப்புப் போய்விட்டது. தவறு செய்தால் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி, முந்தைய நிலையம் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கலாம் என்பதால், சேவ் செய்யும் கவலையே இல்லை.

நடிகர்களைப் படம்பிடித்து, அந்தக் காலத்துச் சுவரொட்டிகளின் பாணியில் கோட்டோவியங்களாக மாற்றியிருக்கிறார்கள். அதனால்தான் அதே ஆண்டுகளில் வந்த முப்பரிமாணப் படங்கள் அழுது வடியும்போது இது இன்னும் பொலிவாக இருக்கிறது. வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன் வெளியீட்டு நிறுவனத்தின் விளம்பரக் குழு வேலையை விட்டு விலகியது. விளம்பரமே இல்லாமல் கடைக்கு வந்த சரக்கின் கதி என்னவாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: வியூக விளையாட்டுகளில் 'சிவிலைசேஷன்' வரிசைக்கு வெளியே ஏதாவது?

பதில்: 1999-இல் பிரையன் ரெனால்ட்ஸ் வடிவமைத்த 'ஆல்ஃபா சென்டாரி'. பெட்டியின் மேல் 'சிவிலைசேஷன்' புகழ் சிட் மையரின் பெயர் இருந்ததால், உழைத்தவரின் பெயர் பலருக்குத் தெரியாது. வேற்றுக் கோளில் ஏழு அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை. நான் காட்ட விரும்புவது நிலத்தை. அங்கே காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. மலையின் மேற்குச் சரிவு மழை பெறும், கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதியாக வறண்டுபோகும். நிலத்தை உயர்த்தும் வசதியும் உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே உங்கள் எல்லையில் ஒரு மலைத்தொடரை எழுப்பிவிட்டால், கிழக்கே இருக்கும் அண்டை நாட்டின் விளைச்சல் ஒரு குண்டும் வெடிக்காமலே விழுந்துவிடும். விதிகளுக்குள்ளேயே இவ்வளவு கள்ளத்தனத்துக்கு இடம் வைத்த விளையாட்டுகள் குறைவு.

முறை மாற்றி ஆடாமல், எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடும் வியூக வகை பிடிக்குமென்றால் 1989-இல் மெகா டிரைவ் கன்சோலில் வந்த 'ஹெர்ஸாக் ஸ்வை'யையும் பாருங்கள். இந்த வகைக்கு முன்னோடி என்று பலர் சொல்லும் 'டியூன் 2'க்கு மூன்று ஆண்டுகள் முந்தையது.

கேள்வி: 'தீஃப்' மதிப்புக் குறைவாகப் பெற்றது என்று சிலர் சொல்வதை ஏற்கிறீர்களா?

பதில்: ஏற்கவில்லை. காவலாளிகளின் கண்ணில் படாமல் பதுங்கித் திருடும் அந்த 1998 விளையாட்டை விமரிசகர்கள் அன்றும் பாராட்டினார்கள், இன்றும் பாராட்டுகிறார்கள். ஆனால் அதன் ஒலி இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை என்பேன். கம்பளத்தில் நடந்தால் ஓசையில்லை, ஓட்டுத் தரையில் நடந்தால் காவலாளி திரும்புகிறான். ஹெட்ஃபோன் இல்லாமல் ஆடியவர்கள் பாதியைத்தான் ஆடியிருக்கிறார்கள்.

கேள்வி: நீங்கள் புகழும் சில விளையாட்டுகளைத் தேடினால் விலைக்குக் கிடைப்பதே இல்லையே, ஏன்?

பதில்: உங்கள் அனுபவம்தான் பொது நிலை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. காரணங்கள் பல. 'பான்சர் டிராகூன் சாகா' 1998-இல், சேகா சாட்டர்ன் கன்சோல் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்த வேளையில், நான்கு டிஸ்க்குகளாக வந்தது. அதன்பின் மறுவெளியீடே கிடையாது. எதிரியைச் சுற்றி டிராகனைப் பறக்கவிட்டு, எந்தப் பக்கம் பாதுகாப்பு, எந்தப் பக்கம் எதிரியின் பலவீனம் என்று இடம் பார்த்துத் தாக்கும் அதன் சண்டை முறை அந்தக் கன்சோலோடு அடைபட்டுக் கிடக்கிறது. 2000-இல் வந்த 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' நிலை இன்னும் விசித்திரமானது. நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கிக் கைமாறியதில் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே சிக்கலாகி, அதை மீட்டு வெளியிட நைட்டைவ் ஸ்டூடியோஸ் எடுத்த முயற்சியும் நிறைவேறவில்லை. பூர்விகச் சொத்துத் தகராறு போலத்தான். வீடு இருக்கிறது, குடியேற ஆளில்லை.

கேள்வி: இதெல்லாம் நீங்கள் சிறுவயதில் ஆடியவை என்பதால் வரும் பாசம் இல்லையா?

பதில்: நியாயமான சந்தேகம். சோதித்துப் பார்த்திருக்கிறேன். பள்ளி நாட்களில் உயிராக நினைத்த ஒரு பந்தய விளையாட்டைப் பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்து ஆடினேன். இருபது நிமிடம் தாங்கவில்லை. அதன் பெயரை எங்கும் நான் சொல்வதில்லை. மாறாக, 'மியூல்', 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' இரண்டையும் வளர்ந்த பிறகுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பின்னதைத் தொடங்கிய அன்றே சலித்துக் கைவிட்டு, ஓராண்டு கழித்து மீண்டும் எடுத்தேன். ரயிலில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடியதுதான் என் தவறு.

கேள்வி: அண்ணா, எனக்கு வாரத்தில் ஒரு மாலைதான் நேரம் கிடைக்கிறது. எதில் தொடங்கட்டும்?

பதில்: உடன் ஆட மூன்று பேர் இருந்தால் 'மியூல்', ஒரே மாலையில் முடியும். தனியாக என்றால் 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்', ஆனால் அரைமணி அரைமணியாகத் துண்டு போடாதீர்கள். ஒரு அமர்வில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கச்சேரி தொடங்கியதும் எழுந்துவிடுங்கள்.