‘வொர்ரேய்’ மட்டும் போதுமா?

கேள்வி: டூரின் நகரில் முதுநிலைப் படிப்பில் சேரவிருக்கிறேன். எதைக் கேட்பதானாலும் ‘வொர்ரேய்’ (விரும்புவேன்) என்று தொடங்குமாறு இத்தாலிய வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே இருந்துவிட்டு வந்த உறவினரோ, கடையில் எல்லாரும் அதிகாரமாகத்தான் கேட்கிறார்கள் என்கிறார். இத்தாலியர்களுக்கு மரியாதை தெரியாதா? நான் எதைப் பழகுவது? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு நாட்டாரின் மரியாதையைப் பற்றித் தீர்ப்பெழுத முனைந்துவிட்டீர்கள். உங்கள் உறவினர் அதிகாரம் என்று எண்ணியவற்றில் பல, கட்டளைகளாகவே இருந்திருக்காது. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் விற்கும் கடையில் உங்கள் முறை வந்ததும் கடைக்காரர் ‘தீக்கா’, அதாவது ‘சொல்லுங்கள்’, என்பார். வாடிக்கையாளர் ‘மி தா துவே எத்தி தி ப்ரொஷூத்தோ?’ என்பார். ஓர் எத்தோ 100 கிராம். அவர் கேட்பது 200 கிராம் பன்றித்தொடைக் கறி. அந்தத் ‘தா’ நம் காதுக்கு ஏவலாக ஒலிப்பது தற்செயல். அது நிகழ்கால வினை. ‘இருநூறு கிராம் தருகிறீர்களா?’ என்று நம் ஊர்க் கடையில் நீங்கள் கேட்கும் அதே அமைப்பு. தமிழில் அன்றாடம் கைவந்த இந்த வழியை விட்டுவிட்டு, ஆங்கிலத்தின் சுற்றுவழியில் போய் இத்தாலிய மொழியைப் பிடிக்க முயல்வதுதான் நம் மாணவர்களின் வழக்கமாக இருக்கிறது.

ஒன்றில் மட்டும் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்காது. நமக்கு ‘தருகிறீர்களா’ என்பதன் இறுதி ‘ஆ’ கேள்வியைக் காட்டிவிடும். இத்தாலிய மொழியில் அப்படி ஓர் ஈறும் இல்லை, கேள்விக்காகச் சொற்களின் வரிசை மாறுவதும் கட்டாயமில்லை. வாக்கிய முடிவில் குரல் உயர்வதே கேள்வியின் அடையாளம் என்பதால், அதைத் தட்டையாகச் சொல்லி முடித்தால் நயமான வேண்டுகோளும் கணக்குப்பிள்ளையின் அறிவிப்பாகிவிடும். இலக்கணப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாய்விட்டுப் பழக வேண்டிய இடம் இது.

மரியாதை உண்மையில் தங்கியிருப்பது ‘தூ’ (நீ), ‘லேய்’ (மரியாதையான ‘நீங்கள்’) என்ற பிரிவில். நண்பரிடம் ‘மி தாய்?’, அறியாதவரிடமும் மூத்தவரிடமும் ‘மி தா?’. எதிரில் இருப்பவர் ஆணாகவே இருந்தாலும் ‘அவள்’ என்னும் பொருளுள்ள ‘லேய்’ என்ற சொல்லால், படர்க்கை வினையோடு விளிப்பது அவர்கள் மரபு. 1938இல் முசோலினி அரசு இதை ஒழித்து, பன்மை முன்னிலையான ‘வோய்’ என்பதைப் புகுத்தப் பார்த்தது; ஆட்சி போயிற்று, ‘லேய்’ இருக்கிறது. எழுபது வயதுக் கடைக்காரரிடம் ‘மி தாய்?’ என்று கேட்டால், பின்னால் எத்தனை ‘பேர் ஃபவோரே’ (தயவுசெய்து) சேர்த்தாலும் ‘தருகிறாயா?’ என்று கேட்டதாகத்தான் ஆகும். அயல்நாட்டவர் என்று பொறுத்துக்கொள்வார்கள். அந்தச் சலுகையை நம்பிப் படிக்காதீர்கள்.

உண்மையான ஏவலும் அங்கே உண்டு, அது குற்றமும் அன்று. அறைத்தோழரிடம் ‘தம்மி’ (எனக்குக் கொடு) என்பது இயல்பு. கடையில் அதன் மரியாதை வடிவமான ‘மி தீயா’ (எனக்குக் கொடுங்கள்) என்பதையும் கேட்பீர்கள். கடைக்குள் நுழைந்தவுடன் ‘புவொன்ஜோர்னோ’ என்று வணக்கம் சொல்லியிருந்தால் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மறுபுறம், நெரிசலான பேருந்தில் வழி விடச் சொல்லாமல், முன்னால் நிற்பவரிடம் ‘ஷேந்தே?’ (இறங்குகிறீர்களா?) என்று மட்டும் கேட்பவர்களும் இதே ‘மரியாதை தெரியாத’ மக்கள்தாம்.

‘வொர்ரேய்’ தவறென்று நான் சொல்லவில்லை. இத்தாலியர்களும் கடையிலும் உணவகத்திலும் அதைச் சொல்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கவும் அதையே எடுத்தால்தான் விறைப்பாக இருக்கும்; அங்கே ‘மி பாஸ்ஸி இல் ஸாலே?’ (உப்பை எடுத்துத் தருகிறாயா?) போதும். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் உங்கள் வகுப்பு ஆசிரியர் சொன்னபடியே ‘வொர்ரேய்’ என்று தொடங்குங்கள்.