கேளுங்கள், சொல்கிறேன்: பாக்மேனுக்கு நாலு வழி, சண்டைக்கு எட்டு வழி

1994-லிருந்து ஏழு வருஷம் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடியோ கேம்ஸ் கடை வைத்திருந்தேன் என்று போன இதழில் பேச்சோடு பேச்சாக ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். வழக்கமாக மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் என்று கேட்கிறவர்கள் இந்த மாதம் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்த முறை முழுக்க அதுவே.

ஐயா, வீட்டிலேயே இரண்டு பேர் ஆடுகிற ஆர்கேடு (கடை வீடியோ கேம்) பெட்டி செய்கிறேன். உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். 18 மி.மீ. பிளைவுட் வாங்கியாயிற்று. ஜப்பான் சான்வா ஸ்டிக் வாங்கவா, அமெரிக்க மாடல் வாங்கவா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். – கல்லூரி மாணவர், சத்துவாச்சாரி

வளையலை வாங்கிவிட்டுக் கையை அளக்கிறீர்கள், தம்பி. உங்கள் கேள்விக்குப் பாதி பதிலை அந்தப் பிளைவுட்டே சொல்லிவிடுகிறது.

சான்வாவின் ஜே.எல்.எஃப். மாடல் மெல்லிய இரும்புத் தகட்டுக்கு அடியில் மாட்டச் செய்தது. முக்கால் அங்குல மரத்துக்கு அடியில் அப்படியே திருகினால் தண்டில் பெரும்பகுதி மரத்துக்குள் போய்விடும். மேலே 35 மி.மீ. உருண்டை மட்டும் குட்டையாகத் தெரியும், பிடிக்க விரல் இறங்காது. அதனால் ஸ்டிக் உட்காருகிற இடத்தில் மட்டும் அடியிலிருந்து ரௌட்டர் (மரம் குடைகிற மிஷின்) போட்டு, 6 மி.மீ. மரம் மிஞ்சுகிற அளவுக்குப் பள்ளம் எடுக்கச் சொல்லுங்கள். ஆசாரி முணுமுணுப்பார், ஆனால் செய்துவிடுவார். முடியாது என்றால் தண்டை நீட்டுகிற துண்டு தனியாகக் கிடைக்கிறது. இன்னொரு வழி, மேல்பலகையை மட்டும் 2 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு பட்டறையில் வெட்டி வாங்கிக்கொள்வது. கடையில் நான் கடைசியாகச் செய்த பெட்டி அப்படித்தான். பையன்கள் மேலே சாய்ந்து, குத்தி, ஏறி உட்கார்ந்தும் அது அசையவில்லை.

அமெரிக்க மாடல், அதாவது ஹேப் காம்படிஷன் வகை, மரப் பெட்டிக்கென்றே பிறந்தது. பிடி பேட் மாதிரி நீளமாக இருக்கும், ஸ்பிரிங் கெட்டி, நாலு பக்கமும் தனித்தனி மைக்ரோ சுவிட்ச் (தண்டு சாய்ந்து பட்டதும் 'டிக்' என்று அழுந்துகிற குட்டி சுவிட்ச்). ஒரு சுவிட்ச் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். அதோடு வருகிற 28 மி.மீ. பட்டனுக்கும் கழுத்து நீளம் என்பதால் 18 மி.மீ. மரத்தில் நட்டு போட்டு இறுக்கலாம். சான்வாவின் 30 மி.மீ. பட்டனில் அழுத்தி மாட்டுகிற ரகம் மெல்லிய தகட்டில்தான் கவ்வும். மரத்தில் அதை வைத்தால் தட்டத் தட்டக் கிளம்பி வரும்.

எது நல்லது என்று கேட்காதீர்கள், யார் ஆடப்போகிறார்கள் என்று பாருங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து லேசாக ஆடுகிறவருக்கு சான்வா. முழங்கையிலிருந்து முழு பலத்தோடு தள்ளுகிறவருக்கு (என் கடைக்கு வந்தவர்களில் முக்கால்வாசி அப்படித்தான்) அமெரிக்க மாடல். ஒரு ஸ்டிக் மட்டும் வாங்கி, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு மாட்டி, ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு இரண்டாவதை வாங்குங்கள். சான்வா அளவிலேயே நகல்களும் வருகின்றன. அதே 5 பின் வயர், நடுவில் மட்டும் பிடி கொஞ்சம் லொடலொடக்கும். கைப்பழக்கத்துக்கு அது போதும்.

இரண்டு ஸ்டிக்குக்கும் நடுவே இரண்டடி விடுங்கள். இல்லாவிட்டால் முழங்கை இடித்தே அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும். அப்புறம், ஸ்டிக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்க 'ஜீரோ டிலே' என்று விற்கிற யு.எஸ்.பி. போர்டு இரண்டு வாங்கினால் இரண்டுக்கும் அதில் ஒரே பெயர்தான் தெரியும். சில நாள் ஸ்விட்ச் போடும்போது முதல் ஆட்டக்காரர் இரண்டாவதாகிவிடுவார். எந்த ஓட்டையில் எது என்று நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அதே இடத்தில் சொருகுங்கள்.

அண்ணே, எட்டு வழி ஸ்டிக் போட்டிருக்கிறேன். சண்டை கேம் அருமையாக ஓடுகிறது. ஆனால் என் மகள் பாக்மேன் ஆடினால் மூலையில் திரும்பாமல் நின்றுவிடுகிறது. ஸ்டிக் பழுதா? – வாசகர், குடியாத்தம்

ஸ்டிக்கில் பழுது இல்லை. இதே கேள்வியை 1995 கோடையில் தினம் இருபது தடவை கேட்டிருக்கிறேன். பாக்மேன் பெட்டியின் பழைய ஸ்டிக் உடைந்துபோக, சென்னையில் ஒரு வியாபாரி "எல்லாம் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க" என்று எட்டு வழி ஸ்டிக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டார். மாட்டிய அன்று சாயந்திரமே புகார். "இன்னாண்ணா, மேல தள்றேன், திரும்பவே மாட்டேங்குது!" மிஷின் ஏமாற்றுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. காசைத் திருப்பிக் கொடுத்தே அந்த வாரம் போனது.

விஷயம் இதுதான். 1980-ல் வந்த பாக்மேனும் 1981-ல் வந்த டாங்கி காங்கும் (நம் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேசுவரர் திரும்பி வந்த அதே வருஷம்) மேல், கீழ், இடம், வலம் என்ற நாலு வழிக்கு எழுதியவை. எட்டு வழி ஸ்டிக்கில் கை கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டு சுவிட்ச் ஒன்றாக அழுந்திவிடும். மேலே போவதா, வலப்பக்கம் போவதா என்று கேம் குழம்பும். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-வுக்கோ அந்தச் சாய்வுதான் உயிர். கீழ், கீழ்ச்சாய்வு, முன்னால் என்று உருட்டினால்தான் கையிலிருந்து நெருப்புப் பந்து கிளம்பும்.

ஸ்டிக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். தண்டின் நுனி ஆடுகிற இடத்தில் சதுர ஓட்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதற்கு கேட் என்று பெயர். சதுரத்தின் மூலைகள் சாய்வுத் திசையில் இருந்தால் எட்டு வழி. அதையே 45 டிகிரி திருப்பி, மூலைகளை நேர்த்திசைக்குக் கொண்டுவந்தால் சாய்வில் சுவர் தடுக்கும், நாலு வழியாகிவிடும். உங்களுடையது ஜே.எல்.எஃப். அளவு என்றால் கேட்டைக் கழற்றித் திருப்பி மாட்ட இரண்டு நிமிஷம் போதும். அன்றைக்கு எனக்கு அந்த வசதி இல்லை. அலுமினியத் தகட்டில் டைமன் வடிவ ஓட்டையை அரம் போட்டுத் தேய்த்து உண்டாக்கினேன். விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒவ்வொரு கேமுக்கும் பெட்டியைத் திறக்க அலுப்பு என்றால், நடுவில் மகளுக்கென்று நாலு வழி ஸ்டிக் ஒன்று தனியாக வைத்துவிடுங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

மேலே தள்ளினால் ஆள் கீழே போகிறான். வயரை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். – வாசகர், ஆரணி

வயரைப் பார்த்தீர்கள், கிணற்று ஏற்றத்தை மறந்துவிட்டீர்கள். தண்டு நடுவில் அச்சில் ஆடுகிறது. மேல்முனை முன்னால் போனால் அடிமுனை பின்னால் வரும். ஆகவே உங்கள் பக்கம் இருக்கிற சுவிட்ச்தான் 'மேல்'. இடமும் வலமும் இதே மாதிரி எதிர்ப்பக்கம்தான். மாற்றிச் சொருகுங்கள்.

உருண்டைப் பிடியா, பேட் பிடியா? – வாசகர், திருப்பத்தூர்

உங்கள் கைக்கு எது சுகமோ அது. ஜே.எல்.எஃப்.-இல் பின்னால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு மைக்ரோ சுவிட்ச் போய்விட்டது. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் பார்த்தால் அதே சுவிட்ச் இருக்கிறது. போடலாமா? – வாசகர், ராணிப்பேட்டை

கெட்டிக்காரர். தனி சுவிட்ச் வைத்த ஸ்டிக்குகளில் அளவு பெரும்பாலும் ஒத்துப்போகும். மூன்று காலில் காமனையும் (பொதுக் கால்), அழுத்தினால் சேருகிற காலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஆனால் அதன் பக்கவாட்டில் 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அவ்வளவு கரண்டுக்குச் செய்த வெள்ளி முனை அது. நம் ஸ்டிக்கில் ஓடுவதோ 5 வோல்ட், அதுவும் துளி கரண்ட். பெரிய கரண்டில் முனையில் படிகிற கறுப்பை அந்தச் சின்னப் பொறியே எரித்துவிடும். இங்கே பொறி கிடையாது, கறுப்பு தங்கிவிடும். சில மாதத்தில் விட்டு விட்டு வேலை செய்யும். விரலுக்கும் கனமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையை ஓட்ட அதைப் போடுங்கள், சரியானது தபாலில் வந்ததும் மாற்றிவிடுங்கள்.

ஐயா, என் வீட்டுக்காரர் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஆடுகிறார். டக்கு டக்கு என்று சத்தம், குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது. வழி உண்டா? – வாசகி, ஆம்பூர்

உண்டும்மா, உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அந்தச் சத்தம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. சுவிட்ச் 'டிக்' என்கிறது, தண்டு கேட்டின் சுவரில் மோதி 'டக்' என்கிறது. தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது. ஷூ கம்பெனியில் யாரையாவது தெரிந்தால் மெல்லிய லைனிங் தோல் துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டின் உட்சுவர் நாலிலும் ரப்பர் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். தடிமன் அரை மி.மீ. போதும். தடித்த தோலை ஒட்டினால் தண்டு முழுசாகப் போகாது, சுவிட்ச் அழுந்தாது. ஒட்டிக் காய்ந்ததும் நாலு பக்கமும் தள்ளி, டிக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு மூடட்டும்.

அந்த டிக் மட்டும் இருக்கத்தான் செய்யும். அதற்கும் குழந்தை எழுந்தால், எழுப்பியவரே தூங்க வைக்கட்டும்.